மத்தி எம்பனாடா: மூன்றாவது தடவை

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கிறது கலீசியா. அங்கே மீனை ரொட்டி மாவுக்குள் மூடி, அகலத் தட்டில் சுடுவார்கள். அதற்கு எம்பனாடா என்று பெயர். பொடி மத்திக்கு அவர்கள் ஷோவ்பா என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த ஷோவ்பா எம்பனாடாவைத்தான் ஒரு மாதமாக விடாமல் செய்து பார்க்கிறேன்.

முதல் தடவை மீன்தான் முக்கியம் என்று நினைத்தேன். ஒரு கிலோ மத்தி, நாலே நாலு வெங்காயம், பத்து நிமிட வதக்கல். வெங்காயத்தின் தண்ணீர் வற்றாததால் அடிமாவு களியாகிவிட்டது.

இரண்டாவது தடவை கணக்கை மாற்றினேன். ஒரு கிலோ வெங்காயம், அரைக் கிலோ மீன். ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு, வெங்காயத்தையும் குடமிளகாயையும் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வதக்கினேன். அடுப்பை அணைத்த பிறகுதான் மிளகாய்த் தூள். அவர்கள் போடும் பிமென்தோன் காரமில்லாத சிவப்புத் தூள். என்னிடம் இருந்தது காஷ்மீரி மிளகாய்த் தூள். உள்ளே வைத்தது அருமை, மேல் ஓடுதான் ரஸ்க் மாதிரி காய்ந்து போனது.

மூன்றாவது தடவை விஷயம் பிடிபட்டது. வதக்கிய வெங்காயத்தை வடிகட்டியில் போட்டு, இறங்கிய சிவப்பு எண்ணெயை மாவிலேயே ஊற்றிப் பிசைய வேண்டும். அரைக் கிலோ மைதாவுக்கு 100 மில்லி எண்ணெய், 180 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், உப்பு, கொஞ்சம் ஈஸ்ட். மாவு செம்மஞ்சள் நிறத்தில், காது மடல் போல மெத்தென்று வந்தது. மேல் ஓடும் உள்ளே இருப்பதும் ஒரே ருசியாவது இதனால்தான். வெங்காயம் நன்றாக ஆறிய பிறகு பரப்பி, முள் நீக்கிய மத்தியை வரிசையாக அடுக்கி, மேலே மறுபடி வெங்காயம். ஓரத்தைச் சோமாசி மடிப்பது போல முறுக்கி, ஆவி போக நடுவில் ஒரு துளை. 200 டிகிரியில் நாற்பது நிமிடம்.

சுடச்சுட வெட்டியதைவிட மறுநாள் காலை ஆறியதுதான் ருசித்தது. எண்ணெய் முழுக்க ஓட்டில் ஊறியிருந்தது. வழிப்பயணத்துக்கு ஏற்ற கட்டுச்சோறு. கலீசியாவின் தலைநகரான சந்தியாகோவின் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டுச் சிற்ப வாயில் ஒன்று உண்டு. அதில் நரகத்தில் கிடக்கும் பெருந்தீனிக்காரன் கையிலும் எம்பனாடாதான்!

மீனில் கொழுப்பு இருக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது. ‘சான் ஷொவான் நாளில் மத்தி ரொட்டியை நனைக்கும்’ என்பது கலீசியப் பழமொழி. அது புனித யோவான் திருநாளான ஜூன் 24, அங்கே மத்தி கொழுத்திருக்கும் காலம்.

அடுத்தது மக்காச்சோள மாவு ஓடு. கலீசியாவில் அதுவும் பழைய முறைதான். அந்த மாவு இழுபடாது, உருட்டித் தேய்த்தால் கிழியும். அதனால் அடை தட்டுவது போலத் தட்டிலேயே கையால் தட்டிப் பரப்ப வேண்டும். மாவு வாங்கி வைத்துவிட்டேன். நல்ல மத்தி கிடைக்கும் அன்றைக்குச் செய்வேன்.