பதினாறாம் நாள் நீட்டிய பத்திரம்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே மாமனார் ஒரு விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். "இங்கே ஒரு கையெழுத்து போட்டுரும்மா, பாப்பாவை நாங்க பாத்துக்கறோம்." கணவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மனையில் எனக்கும் மகளுக்கும் உள்ள உரிமையை மாமியாருக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. சில நாளில் வீட்டுக்கு வேறு பூட்டு மாட்டிவிட்டார்கள்.

நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். எனக்கு வந்த வக்கீலம்மா முதலில் பங்கைச் சொன்னார். உயில் இல்லாமல் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவர்கள் இருக்கும்போது தகப்பனாருக்குப் பங்கு கிடையாது. எங்கள் விஷயத்தில் ஆளுக்கு மூன்றில் ஒன்று. மைனரான மகளின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் நானே நினைத்தாலும் எழுதிக்கொடுக்க முடியாது.

அதற்குள் என் பெயரை விட்டுவிட்டு வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார்கள், நான் பிரிந்து போனவளாம். திருமணப் பதிவுச் சான்று, ரேஷன் கார்டு, மகளின் பிறப்புச் சான்று எல்லாம் வைத்து தாசில்தாரிடம் ஆட்சேபணை மனு கொடுத்தேன். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ.விடம் பக்கத்து வீட்டுப் பாட்டி, "இவ ஊட்டுன கஞ்சியக் குடிச்சிட்டுதான்யா அவன் கண்ண மூடுனான்" என்று சொல்லி, வாக்குமூலத்தில் கைநாட்டும் வைத்தார். சான்றிதழில் மூன்று பெயரும் வந்தன. அந்தப் பாட்டிக்கு நான் பட்ட கடன் பெரிது.

வீடு மாமனார் பெயரில் இருந்தது. ஆனாலும் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை விதவைக்கும் தருகிறது. பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு போட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவோடு உள்ளே போனேன்.

வங்கி டெபாசிட்டுக்கு மாமியார் நாமினி. நாமினி பணத்தை வாங்கலாமே தவிர அதற்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதையும் நாங்கள் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் சேர்த்தோம். மனையை விற்கவிடாமல் இடைக்காலத் தடை கிடைத்த பிறகுதான் பேச்சுக்கே இறங்கி வந்தார்கள். வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. மாமியாரின் பங்கில் நான் கை வைக்கவில்லை. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். மகளின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் சமரசத்தில் கையெழுத்திட்டேன்.