சமையலறைக்குள் ஒரு நெம்மேலி

சிங்க்குக்கு மேலே ஒன்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஆர்.ஓ. மெஷினைப் போன ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். டைல்ஸில் இரண்டு ஓட்டை மிச்சம். வீட்டுக்காரர் ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இனிமே கேன் தண்ணியா?" என்றார். இல்லை, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கப்போகிறோம் என்றேன். அவர் பதில் சொல்லாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். கோபம் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் காரணம் சித்தப்பா. கண்புரை ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து வந்து எங்களோடு இரண்டு வாரம் இருந்தார். இருபத்தாறு வருஷம் குவைத்தில் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். எந்தக் குழாயில் சொட்டுச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்விடுவார். ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஏன் பாப்பா, இந்த ட்யூப்ல சும்மா ஓடிக்கிட்டே இருக்கே?"

"அது ரிஜெக்ட் தண்ணி சித்தப்பா. மெஷின் சுத்தம் பண்ணினது போக மிச்சம்."

"மிச்சமா? எவ்வளவு?"

கணக்கு டீச்சரிடம் எவ்வளவு என்று கேட்டுப் பதில் வராமல் போனது எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் ட்யூபை ஒரு வாளிக்குள் விட்டோம். நல்ல தண்ணீர் ஐந்து லிட்டர் சேர்வதற்குள் வாளியில் பதினைந்து லிட்டர். ஒரு பங்கு குடிக்க, மூன்று பங்கு சாக்கடைக்கு. இத்தனை நாள் அது தெரியாமலே சிங்க்கில் பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

எந்தத் தண்ணீரை அப்படிக் கொட்டினோம் என்பதுதான் எனக்கு உறுத்தியது. நாங்கள் இருப்பது சென்னையில் திருவான்மியூர். எங்கள் பக்கத்துக்கு வரும் மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரில், பெரும்பங்கு நெம்மேலியிலிருந்து வருவது. மாமல்லபுரத்துக்குப் போகிற ஈ.சி.ஆர். சாலையில் 2013-இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அது, நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர். பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024-இல் வந்தது. வடக்கே மீஞ்சூர் ஆலை அதற்கும் முன்னால், 2010-இல் வந்தது. பேரூரில் நாற்பது கோடி லிட்டருக்கு இன்னும் பெரிதாக ஒன்றுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

பத்து கோடி என்றால் எவ்வளவு என்று மனசில் பிடிபடாது. எனக்குப் பிடிபட்டது 2019-ஐ நினைத்தபோது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியிலும் சேர்த்து ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லாத ஜூன் மாதம் அது. எங்கள் அசோசியேஷனுக்கு அப்போது நான்தான் செயலாளர். ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்காரர் போன் பண்ணுவார், "அக்கா, கேட்டைத் திறங்க". நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய் சம்ப் மூடியைத் திறந்துவிட்டு, ஓஸ் பைப் வழியாகத் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். 12,000 லிட்டர் லாரிக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தோம், அதுவும் கெஞ்சி. ஐ.டி. கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஹோட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், 25 லட்சம் லிட்டர். வேகனுக்கு மாலை போட்டு வரவேற்றதை டி.வி.யில் பார்த்தேன்.

நெம்மேலியின் பழைய ஆலை மட்டும் ஒரு நாளைக்குத் தருவது அப்படிப்பட்ட நாற்பது ரயில். அதைத்தான் நான் சிங்க்கில் விட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, கடலிலிருந்து உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள்? மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும் இல்லையா, அதைத் திருப்பிப் போட்டால் போதும். மாங்காயின் செல்களைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் தானாக உப்பைத் தேடிப் போகிறது. உப்புப் பக்கமிருந்து பலமாக அழுத்தினால் தண்ணீர் எதிர்த்திசையில் வரும், உப்பு அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த 'பலமாக' என்கிற இடத்தில்தான் மொத்தச் செலவும் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைத் தாண்டித் தண்ணீரைத் தள்ள, கார் டயரில் இருக்கிற அழுத்தத்தைப்போல் இருபத்தைந்து முப்பது மடங்கு வேண்டும். ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு மூன்று நான்கு யூனிட் கரண்ட்.

இந்த அழுத்தத்தைத் தாங்கி வேலைசெய்கிற மென்சவ்வை முதலில் உருப்படியாகச் செய்தவர்கள் கலிபோர்னியாவில் சிட்னி லோப், ஸ்ரீநிவாச சௌரிராஜன் என்கிற இரண்டு பேர், 1950களின் கடைசியில். அதற்கு முன்னால் இருந்த சவ்வுகளில் உப்பு நின்றது, ஆனால் தண்ணீர் வருவதற்குள் விடிந்துவிடும். சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பேரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வீடு திருக்கண்ணபுரம் பக்கம். "சௌரிராஜனா? அது நம்ம பெருமாள் பேராச்சே!" என்று அன்றைக்கு முழுவதும் ஒரே சந்தோஷம். அந்த விஞ்ஞானிக்கும் எங்கள் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் துருவவில்லை. ஆபரேஷன் பண்ணின மனுஷர், சந்தோஷமாக இருக்கட்டும்.

சித்தப்பா வேலை பார்த்தது வேறு மாதிரி ஆலை. சூடான கடல்நீரை அழுத்தம் குறைந்த அறைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் அது சட்டென்று ஆவியாகும், ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். குவைத்தில் ஆறு கிடையாது. ஒரு காலத்தில் ஷத் அல் அரபு ஆற்றிலிருந்து பாய்மரக் கப்பலில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊருக்குள் விற்றார்களாம். 1953-இல்தான் அங்கே பெரிய வடிப்பு ஆலை வந்தது. "எண்ணெய் இருந்துச்சு, எரிச்சாங்க. நமக்கு அப்படியா?" என்பார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை மெஷினைக் கழற்றும் அளவுக்குக் கொண்டுபோனது. வடித்தெடுத்த தண்ணீரை அப்படியே ஊருக்கு அனுப்ப முடியாது. உப்பே இல்லாத தண்ணீர் பசியோடு இருக்குமாம், இரும்புக் குழாயையும் சிமெண்டையும் அரித்துத் தின்றுவிடும். வாயில் வைத்தாலும் சப்பென்று இருக்கும். அதனால் குவைத்தில் கொஞ்சம் உவர்நிலத்தடி நீரைக் கலந்து அனுப்பினார்கள். சவ்வு ஆலைகளிலும் கடைசியில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத்தான் குழாயில் விடுவது வழக்கம்.

அதாவது, நெம்மேலியில் அத்தனை கரண்டைச் செலவழித்து உப்பை எடுக்கிறார்கள், பிறகு அளவாகக் கொஞ்சம் சத்தைச் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஈ.சி.ஆர். வழியாக என் வீட்டுக்கு வருகிறது. நான் அதே மாதிரி ஒரு சின்னச் சவ்வைச் சுவரில் மாட்டி, சேர்த்ததை மறுபடி எடுத்துவிட்டு, முக்கால் பங்கைச் சாக்கடையில் விடுகிறேன். இதற்குச் சர்வீஸ் ஒப்பந்தம் வேறு, வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய். ஃபில்டரை மாற்ற வந்த பையன் ஒவ்வொரு முறையும் எங்கள் தண்ணீர் 'ரொம்ப ஹார்டு மேடம்' என்று சொல்லிவிட்டுப் போவான்.

முன்னூறு ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன், ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது. மெட்ரோ குழாயில் 310. மெஷினுக்குள் போய் வந்தது 28. சாக்கடைக்குப் போகிற ட்யூபில் வைத்தபோது 405 காட்டியது. இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியக் குடிநீர்த் தரம் ஏற்கிற அளவு 500. உப்புக் கணக்கில் பார்த்தால், நாங்கள் 'ரிஜெக்ட்' என்று கொட்டியதே குடிக்கத் தகுந்த தண்ணீர். 2019 மே மாதம், நாங்கள் லாரிக்கு அலைந்த அதே கோடையில், டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டிருக்கிறது. சம்ப் மூடியைத் திறக்க இறங்கிய அவசரத்தில் அந்தச் செய்தி என் கண்ணில் படவில்லை.

எங்கள் கட்டடத்தில் 40 வீடு. வீட்டுக்குக் குடிக்க, சமைக்க 20 லிட்டர் என்றால் வெளியே போவது 60. மொத்தம் 2,400 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒரு லாரி. ஐயாயிரம் கொடுத்து ராத்திரி இரண்டு மணிக்கு இறக்கிய அதே 12,000 லிட்டர் லாரி! ஒவ்வொரு லாரியிலும் கடலிலிருந்து உப்பெடுத்த நாற்பது யூனிட் கரண்டும் சேர்ந்து போகிறது.

சித்தப்பாவின் கண்கட்டை அவிழ்த்ததும் முதலில் நெம்மேலியைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் காரை எடுத்தேன். மதில் சுவர், குழாய்கள், அதற்கப்பால் கடல். ஆலையை ஒட்டி சூளேரிக்காட்டுக்குப்பம். கரை அரிக்கிறது, மீன்பாடு குறைந்துவிட்டது என்று அந்த மீனவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். ரோட்டோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மாவிடம் சங்கரா வாங்கினேன். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். திருவான்மியூர் என்றேன். "ஓ, எங்க தண்ணி உங்க வூட்டுக்குத்தான் வருதா" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நூறு லிட்டர் குடிநீர் எடுத்தால் நூற்றிருபது, நூற்றைம்பது லிட்டர் கெட்டி உப்புநீர் கடலுக்கே திரும்புகிறது. உலகம் முழுக்க சுமார் 16,000 கடல்நீர், உவர்நீர் ஆலைகள் நாளொன்றுக்கு 9.5 கோடி கன மீட்டர் நல்ல நீரைத் தந்து 14.2 கோடி கன மீட்டர் உப்புநீரை வெளியேற்றுவதாக 2019-இல் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதில் பாதிக்குமேல் சவூதி, அமீரகம், குவைத், கத்தார் நான்கு நாட்டிலிருந்து. திரும்பி வரும்போது இதைச் சொன்னதும் சித்தப்பா கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "நாங்க விட்ட தண்ணி கொதிக்கும் பாப்பா. அந்த வாய்க்கால் பக்கம் காலை வைக்க முடியாது" என்றார்.

ஆலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2019-ஐப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். அந்தக் கோடையில் நான்கு ஏரியும் காய்ந்து கிடக்க, மீஞ்சூரும் நெம்மேலியும் ஓடிக்கொண்டிருந்தன. கடல் வற்றாது என்பது பெரிய தைரியம்தான். ஆனால் அந்தப் பாட்டியம்மாவின் கரையைக் கொடுத்து வாங்குகிற தண்ணீருக்கு நான் வீட்டில் காட்டிய மரியாதை அந்த ரிஜெக்ட் ட்யூப்தான்.

அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசினேன். இரண்டாம் மாடி சார் மீட்டர் சரியில்லை என்றார். அவர் வீட்டிலேயே போய் அளந்தோம், 305. ஒரு பெண் நியாயமான கேள்வி கேட்டாள்: கிருமி இருந்தால் இந்த மீட்டர் காட்டுமா ஆன்ட்டி? காட்டாது. அதனால்தான் நான் காய்ச்சுகிறேன் என்றேன், கேஸ் செலவாகுமே என்றார்கள். ஆகத்தான் செய்கிறது. நாற்பதில் மூன்று வீடு கழற்றியிருக்கிறது. ஏழெட்டு பேர் ரிஜெக்ட் ட்யூபை வாளியில் விட்டு வீடு துடைக்கிறார்கள். இரண்டாம் மாடி சார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மெஷினை நான் விற்கவில்லை. பழைய புடவையில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். மே மாதம் மெட்ரோ தண்ணீர் குறைந்தால் போர் தண்ணீரைக் கலப்பார்கள், எங்கள் போர் 1,400 காட்டுகிறது. அப்போது இறக்க வேண்டியிருக்கும். சித்தப்பா ஊருக்குக் கிளம்புகிற அன்று குழாய்த் தண்ணீரில் டிகாஷன் போட்டுக் கொடுத்தேன். அவர் பாதி குடித்துவிட்டு டம்ளரை வீட்டுக்காரரிடம் நீட்டினார். வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அந்த ஓட்டை இரண்டையும் எப்போது அடைக்கப்போகிறாய் என்று கேட்டார்.