பத்தில் ஒரு பங்கு ஷேப்பிங் மெஷின்

கோவை கணபதியில் பெரியப்பா நடத்திவந்த பட்டறையை மூடியபோது, லேத்துகளையும் டிரில்லிங் மெஷினையும் விலை பேசி எடுத்துச் செல்ல ஆட்கள் வந்தார்கள். மூலையில் நின்ற 12 அங்குல ஷேப்பிங் மெஷினை மட்டும் எவரும் கேட்கவில்லை. அது பழைய இரும்பு விலைக்குப் போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு, வெர்னியரும் அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமுமாக அதன் அருகில் உட்கார்ந்து, பல்சக்கரத்தின் பற்கள் முதல் எண்ணெய்த் துளைகள் வரை அளந்து எழுதிக்கொண்டேன். அந்த நோட்டிலிருந்து 1:10 அளவில் ஒரு மாதிரியை, கடையில் எந்த உதிரிப் பாகமும் ஆயத்தமாக வாங்காமல், பித்தளைத் தகட்டிலும் எஃகுக் கம்பியிலும் செய்து முடிக்க எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. மோட்டார் மட்டும் விதிவிலக்கு.

ஷேப்பரைப் பார்த்திராதவர்களுக்கு: லேத்தில் வேலைப்பொருள் சுழலும், டூல் நிற்கும், ஷேப்பரில் பொருள் வைஸில் அசையாமல் இருக்க, ரேம் என்னும் நீண்ட இரும்புக் கட்டை டூலைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வரும்; 12 அங்குலம் என்பது அந்த ஓட்டத்தின் நீளம். தச்சர் இழைப்புளி தள்ளுவதைப் போன்ற வேலைதான். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயிடம் உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித் 1836-இல் உருவாக்கிய இயந்திரம் இது. பின்னர் மில்லிங் மெஷினும், அதற்கும் பின்னர் கணினியால் இயங்கும் இயந்திரங்களும் இதன் வேலையைப் பறித்துக்கொண்டன. எங்கள் பட்டறையில் கடைசிக் காலத்தில் இது பம்பு புல்லிகளுக்குச் சாவிக்காடி, அதாவது புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவி அமரும் பள்ளம், வெட்டுவதற்கு மட்டுமே ஓடியது.

இந்த இயந்திரத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதன் உருவம் அன்று, நடை. வெட்டும்போது நிதானமாக முன்னே போகும். திரும்பும்போது வெறுங்கையோடு வருகிறவரைப் போல விரைவாகப் பின்வாங்கும். அந்த நடை கைகூடாவிட்டால் வெளித்தோற்றம் எவ்வளவு அச்சாக இருந்தாலும் பயனில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அதனால், மாதிரி செய்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் வெளிக்கூட்டை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத உள்வேலையிலிருந்து தொடங்கினேன்.

நடையின் கணக்கு எளிமையானது. புல் கியர் எனப்படும் பெரிய பல்சக்கரத்தில் கிராங்க் பின் என்னும் முளை ஒன்று இருக்கும். அது ஒரு சிறு கட்டைக்குள் அமர்ந்து, நீண்ட காடி வெட்டிய ராக்கர் ஆர்ம் என்னும் நெம்புகோலின் உள்ளே மேலும் கீழும் வழுக்கும். ராக்கரின் அடி ஓர் அச்சில் பொருந்தியிருக்க, அதன் தலை ரேமைத் தள்ளும். என் மாதிரியில் அடி அச்சிலிருந்து புல் கியரின் மையம் 30 மி.மீ. தொலைவிலும், ராக்கரின் தலை 60 மி.மீ. தொலைவிலும் உள்ளன, கிராங்க் பின் சக்கரத்தின் மையத்திலிருந்து 7.5 மி.மீ. தள்ளியிருக்கிறது. இந்த அளவில் ரேம் 30 மி.மீ. போய்வரும். சக்கரம் ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் ஒரு முழுச் சுற்றில் ஏறத்தாழ 209 பாகை முன்னே போவதற்கும், மீதி 151 பாகை மட்டுமே திரும்பி வருவதற்கும் செலவாகின்றன. பின்னை மையத்தை நோக்கி நகர்த்தி ஓட்டத்தைப் பாதியாக்கினால் அது 194-க்கு 166 ஆகிவிடும், அதாவது போவதும் வருவதும் ஏறக்குறைய ஒரே வேகமாகிவிடும். சிறிய வேலைகளின்போது மெஷின் ஏன் அப்படி மந்தமாகத் தோன்றியது என்பது, சிறுவயதில் அதன் பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றிருந்த எனக்கு, இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் விளங்கியது.

புல் கியருக்கு 100 பற்கள், மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 0.4, வட்டின் வெளி விட்டம் 40.8 மி.மீ., பல்லின் ஆழம் 0.9 மி.மீ. வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரித்துத் தரும் டிவைடிங் ஹெட் என்னிடம் கிடையாது. ஆனால் வீட்டிலுள்ள சிறிய லேத்தின் மாற்றுப் பல்சக்கரங்களில் 100 பல் சக்கரம் ஒன்று இருந்தது. அதை லேத்தின் சுழல்தண்டின் பின்புறத்தில் பூட்டி, ஒவ்வொரு பல்லாக ஒரு முளையால் தடுத்து நிறுத்தி, 100 முறை வெட்டினேன். 20 பல் உள்ள சிறு சக்கரமான பினியனுக்கு அதே 100 பல் சக்கரத்தில் ஐந்து ஐந்து பல்லாகத் தாண்டினால் போதும். ஒரே மாட்யூல்தானே என்று இரண்டையும் ஒரே கட்டரால் வெட்டிவிட முடியாது, ஏனென்றால் பற்களின் எண்ணிக்கை குறையக் குறையப் பல்லின் வளைவு கூடும். ஆகவே இரண்டு கட்டர்களைத் தனித்தனியே தீட்ட வேண்டியிருந்தது. எழுபத்து மூன்றாவது பல்லில் முளை நழுவி, முதல் வட்டு வீணாயிற்று. இரண்டாவது வட்டை வெட்டிய நாளில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டேன்.

அடுத்தது என்னுடைய அறியாமையால் வந்த வினை. ராக்கரின் தலையை ரேமோடு நேரடியாக ஒரு பின் கொண்டு இணைத்தேன். கையால் சுற்றிப் பார்த்தபோது பாதி தூரத்தில் இறுகி நின்றுவிட்டது. ரேம் நேர்கோட்டில் போகிறது; ராக்கரின் தலையோ வில்லாக வளைந்து போகிறது. என் அளவில் அந்த வளைவின் ஏற்ற இறக்கம் கிட்டத்தட்ட 1.9 மி.மீ. பட்டறையில் அளவெடுத்தபோது, தலைக்கும் ரேமுக்கும் நடுவில் இருந்த சிறு இணைப்புத் தண்டைப் பார்த்து வரைந்தும் இருந்தேன். ஆனால் அதை ஏதோ பழுது பார்த்தபோது பின்னர் சேர்த்த ஒட்டு என்று எண்ணி விட்டுவிட்டேன். இயந்திரம் செய்தவனைவிட நமக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்புக்கு அந்த இரண்டு வாரம் விலையாயிற்று.

ரேம் வழுக்கிச் செல்லும் புறாவால் காடியை, அதாவது வாய் குறுகி அடி அகன்ற பள்ளத்தை, வெட்டுவதில் ஒரு வேடிக்கை இருந்தது. அப்படிப்பட்ட காடியை வெட்டுவதற்கென்றே பிறந்த இயந்திரம் ஷேப்பர். என்னிடம் இல்லாததும் அதுதான். கடைசியில் பித்தளைக் கட்டையை லேத்தின் சக்கில் பிடித்து, சக் சுழலாமல் பூட்டி, டூல் போஸ்ட்டில் டூலைப் படுக்கவைத்து, டூலைத் தாங்கும் கேரேஜைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, ஒரு முறைக்கு 0.05 மி.மீ. வீதம் சீவினேன். 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பக்கத்துக்கே 60 முறை.

வெளிக்கூடு மூலத்தில் வார்ப்பிரும்பு. நான் அதை 1.5 மி.மீ. பித்தளைத் தகடுகளாக வெட்டி, நகை ஆசாரி ஒருவரிடம் கற்றுக்கொண்டபடி, வெங்காரம் தடவி வெள்ளிப் பற்றாசால் ஒட்டி, பின்பு புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தெடுத்தேன். தகட்டால் செய்த பெட்டியை வார்ப்பு என்று கண் நம்ப வேண்டுமானால், உள்மூலைகள் கூர்மையாக இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மூலையிலும் எம்-சீல் வைத்து, ஒரு பழைய ஸ்பூனின் காம்பால் வழித்து உருட்டினேன். வார்ப்பின் சொரசொரப்பு, அடிப்பூச்சு காயும் முன் பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்தியதில் கிடைத்தது. சாம்பல் பச்சை நிறத்தைக் கலப்பதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

எல்லாவற்றையும் பத்தால் வகுத்தால் மாதிரி வந்துவிடும் என்று நினைப்பவர்களைக் கிளாப்பர் பாக்ஸிடம் அனுப்ப வேண்டும். வெட்டி முடித்துத் திரும்பும்போது டூல் வேலைப்பொருளின் மேல் உரசித் தேயாமல் இருக்க, டூலைப் பிடித்திருக்கும் தகடு ஒரு பின்னில் தொங்கி மேலே விலகிக்கொடுக்கும். பின்வாங்கல் முடிந்ததும் தன் எடையாலேயே "டக்" என்று விழுந்து இருக்கையில் அமரும். நீளம் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது. பின்னின் உராய்வோ அந்தக் கணக்குக்கு உட்படவில்லை. என் முதல் கிளாப்பர், தூக்கிய இடத்திலேயே கொக்கு போல நின்றது. தகட்டைப் பித்தளையில் செய்திருந்தேன்; பித்தளை எஃகைவிடச் சற்றே கனம் என்பதால் அதை மாற்றிப் பயனில்லை. பின்னை 0.8 மி.மீ. அளவுக்கு மெலித்து மெருகேற்றி, துளையைச் சற்றே தளர்த்தி, மூலத்தில் இல்லாத அளவுக்கு நீண்ட டூலைப் பொருத்திய பிறகுதான் அது விழுந்தது. அந்த டூலின் நீளம் அளவுக்குப் பொருந்தாதது என்பது எனக்குத் தெரியும். ஓசை வேண்டும் என்பதற்காக அளவை விட்டுக்கொடுத்தேன்.

பெல்ட் எதிர்பார்த்ததைவிட எளிதாக அமைந்தது. பழைய கைக்கடிகாரத்தின் தோல் வாரைச் சீவி மெல்லிய பட்டையாக்கினேன். தட்டையான பெல்ட் புல்லியிலிருந்து நழுவாமல் இருப்பதற்குக் காரணம், புல்லியின் நடுப்பகுதி சிறிது மேடாக இருப்பதுதான். பெல்ட் எப்போதும் விட்டம் கூடிய இடத்தை நோக்கி ஏறும். மூன்று படிப் புல்லியின் ஒவ்வொரு படியிலும் 0.2 மி.மீ. மேடு விட்டேன்.

12 வோல்ட் கியர் மோட்டாரைப் பலகைக்கு அடியில் மறைத்து, நிமிடத்துக்கு 40 ஓட்டம் வைத்து ஓட்டினேன். வைஸில் மெழுகுவர்த்தித் துண்டைப் பிடித்தபோது, முதல் ஓட்டத்திலேயே மெழுகு மெல்லிய சுருளாக எழுந்தது.

பெரியப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கூடப் போடாமல், காதை மட்டும் பக்கத்தில் கொண்டுவந்து சிறிது நேரம் கேட்டார். பிறகு, "ராக்கர்ல வறட்டுச் சத்தம் வருது கண்ணு, எண்ணெ விட்டியா?" என்று கேட்டுவிட்டு, கூட்டின் பக்கவாட்டில் நான் இட்டிருந்த எண்ணெய்த் துளையைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார். அந்தத் துளைகளை நான் அழகுக்காக அரை மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே போட்டிருந்தேன். அவர் போன பிறகு மெஷினைக் கழற்றி, ஆறு துளைகளையும் அச்சு வரைக்கும் துளைத்தேன்.