ஹெல்மெட்டுக்குள் ஒரு சீட்டு

"அண்ணே, எங்க ஊர்க்காரங்க ஆறு பேரையும் ஒரே டீம்ல போட்டுருங்க!"

காலையில் சிங்கப்பூரின் துவாஸ் தொழிலாளர் விடுதி மைதானத்தில், வாலிபால் போட்டிக்கு டீம் பிரிக்கும்போது கேட்ட முதல் குரல்.

போன முறை அப்படித்தான் விட்டோம். பட்டுக்கோட்டைப் பையன்கள் 25-8, 25-6 என்று ஊதித் தள்ளினார்கள். மதியத்துக்குள் பாதிப் பேர் பிரியாணிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இந்த முறை 24 பேர், 4 டீம். முதலில் மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கத் தெரிந்த நாலு செட்டர்களை டீமுக்கு ஒருவராகப் பிரித்தோம். செட்டர் சரியில்லை என்றால் எவ்வளவு உயரமான ஆள் இருந்தும் வீண். அப்புறம் மற்றவர்களுக்குக் குலுக்கல்.

மஞ்சள் சேஃப்டி ஹெல்மெட்தான் குடுவை. கடை ரசீதின் பின்பக்கம்தான் சீட்டு.

கடைசியில் ஒரு சீட்டைக் காணோம். பார்த்தால், ஹெல்மெட்டின் வியர்வைப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் வந்து 3 வாரமே ஆன தம்பியின் பெயர். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளியில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும்போது நானும் இப்படித்தான் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பேன். சீட்டில் கடைசியாக வந்தால் ராசி இல்லை என்று சிரித்துவிடலாம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விட்டால் அது வேறு.

தம்பி முதல் இரண்டு சர்வீஸையும் நெட்டில் அடித்தான். அவன் டீமுக்கு வந்த பட்டுக்கோட்டை செட்டர்தான் ஓடிப்போய் முதுகில் தட்டினார்.