2001 ராம் ட்ரக்குக்கு டீசல் லைன் மாத்துனது – நாலு வாரக்கடைசி வேலை

வண்டி 2001 டாட்ஜ் ராம் 2500, உள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 24 வால்வு, ஆட்டோமேட்டிக், 235 ஹெச்.பி. நான் இருக்கறது டெக்சாஸ்ல சான் அன்டோனியோல, கெர்வில்ங்கற ஊர் தாண்டி சின்னதா ஒரு நிலம் இருக்கு, அங்க ட்ராக்டர டிரெய்லர்ல வச்சு இழுத்துட்டுப் போக இந்த வண்டிய விட்டா வேற இல்ல. ரெண்டாவது கையா வாங்கி மூணு வருஷம் ஆச்சு. பழைய ஓனர் என்னென்ன மாத்துனாரு, எது அப்படியே இருக்குன்னு ஒரு பேப்பரும் கெடையாது.

இந்த வருஷம் ஐ-10 ரோட்டுல மேடு ஏறும்போது மட்டும் இழுவை லேசா கம்மியாற மாதிரி இருந்துச்சு. சமதரையில ஒண்ணும் தெரியாது, ஸ்டார்ட்டிங்கும் நல்லாதான் எடுக்கும், புகையும் இல்ல. அப்பாகிட்ட வாட்ஸப்ல சொன்னேன், அப்பா சங்ககிரில முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு. கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாரு, "டீசல் பத்தலையா, காத்து பத்தலையா, மொதல்ல அதப் பாரு கண்ணு."

இந்த இன்ஜின்ல டீசல் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாதான் மிச்சம் புரியும். டேங்க்ல இருந்து டீசல இழுத்துத் தள்றது ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்பு, லிஃப்ட் பம்புன்னு சொல்லுவாங்க, நம்மூர்ல ஃபீட் பம்புன்னு சொல்ற அதே வேலை. அங்க இருந்து ஃபில்டர், ஃபில்டர்ல இருந்து பாஷ் வி.பி.44 இன்ஜெக்‌ஷன் பம்பு, அப்புறம் சிலிண்டருக்குள்ள டீசல பீச்சற இன்ஜெக்டர். 1998 பாதி வரைக்கும் வந்த 12 வால்வு இன்ஜின்ல லாரில இருக்கற மாதிரி வரிசைப் பம்பு, அதுக்கு இன்ஜின் ஆயிலும் போகும், முரட்டுப் பம்பு. அதுக்கப்புறம் 24 வால்வுல வந்தது இந்த வி.பி.44, ரோட்டரி, மேலயே ஒரு எலக்ட்ரானிக் போர்டு உக்காந்திருக்கும். இதுக்கு ஆயிலும் டீசல்தான், கூலன்ட்டும் டீசல்தான். எரியறதவிட ரொம்ப அதிகமா டீசல் உள்ள போய், சூட்ட எடுத்துக்கிட்டு திரும்ப டேங்குக்கு வரணும், அப்பதான் அது உயிரோட இருக்கும்.

இதுல மோசமான விஷயம் என்னன்னா லிஃப்ட் பம்பு சோர்ந்து போனாலும் வி.பி.44 தானே உறிஞ்சி வண்டிய ஓட்டிரும். டேஷ்போர்டுல பிரஷர் கேஜும் கெடையாது. நமக்கு ஒண்ணுமே தெரியாது, உள்ள அது காஞ்சு தேஞ்சுட்டே இருக்கும், ஒரு நாள் கம்ப்யூட்டர்ல பி0216-ங்கற கோளாறு கோடு வரும், வந்தா அனேகமா பம்பு முடிஞ்சுது, ஆயிரம் டாலருக்கு மேல செலவு. அப்பா இதக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. "நம்ம வண்டில ஃபீட் பம்பு போனா வண்டி நின்னு சொல்லிரும், இது சொல்லாமயே சாகுதா"ன்னாரு.

அதனால மொதல் சனிக்கிழமை எதையும் மாத்தல, கேஜ் மட்டும் மாட்டுனேன். இத எல்லாருக்கும் அழுத்திச் சொல்றேன், பம்பு வாங்கறதுக்கு முன்னாடி கேஜ் மாட்டுங்க. வி.பி.44 வாசல்ல இருக்கற பேஞ்சோ போல்ட்டுக்கு (டீசல் லைன இணைக்கற, நடுவுல ஓட்டை இருக்கற போல்ட்) பதிலா கேஜுக்குன்னு தனியா ஓட்டை போட்ட போல்ட், அதுல இருந்து சின்ன ஹோஸ், நடுவுல ஒரு ஊசி வால்வு, அப்புறம் சென்சார். அந்த ஊசி வால்வு இல்லாம நேரா மாட்டுனா பிரஷர் அடிக்கற துடிப்புல சென்சார் சீக்கிரம் போயிரும், வால்வ லேசா மட்டும் தொறந்து வச்சா முள்ளு ஆடாம நிக்கும். கேபினுக்குள்ள டீசல் ஹோஸ் கொண்டு வர வேண்டாம்னுதான் எலக்ட்ரிக் கேஜ், உள்ள வர்றது வயரு மட்டும்.

சும்மா நிக்கும்போது பிரஷர் 11 பி.எஸ்.ஐ. (பிரஷர் அளவு) காட்டுச்சு, சரிதான்னு தோணுச்சு. டிரெய்லர மாட்டி ரோட்டுல 65 மைல்ல போனா 6. கெர்வில் தாண்டி அந்த நீள மேட்டுல மிதிச்சேன், 2-க்கு எறங்குச்சு. ஓடும்போது 10-க்குக் கீழ போகவே கூடாது. மூணு வருஷமா இப்படித்தான் ஓட்டிட்டு இருந்திருக்கேன்னு நெனச்சப்ப வயித்த பெசஞ்சிருச்சு, அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் 50-க்கு மேல மிதிக்கல.

வெறும் லிஃப்ட் பம்ப மட்டும் மாத்துனா போதாதான்னு கேப்பீங்க. மாத்தலாம், ஆனா பழைய பம்பு இருக்கற இடமே சரியில்ல. இன்ஜின் பிளாக்குல, டேங்க்ல இருந்து அவ்வளவு தூரத்துல, சூட்டுலயும் அதிர்வுலயும் உக்காந்துட்டு டீசல இழுக்கணும். பம்புக்கு இழுக்கறது கஷ்டம், தள்றது சுலபம். கூடவே பேஞ்சோ போல்ட்டுகளோட ஓட்டை சின்னது, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் பிரஷர தின்னுரும். அதனால டேங்க் பக்கத்துலயே சேஸிஸ்ல மாட்டற மாதிரி மணிக்கு 100 கேலன் பம்பு, அதுலயே தண்ணி பிரிக்கற ஃபில்டர், இன்னொரு நைஸ் ஃபில்டர், டீசல்ல கலந்திருக்கற காத்த பிரிச்சு டேங்குக்கே திருப்பி அனுப்பற வழி, அப்புறம் அரை இஞ்ச் ஹோஸ் மொத்தமும் வாங்கிட்டேன்.

ரெண்டாவது வாரம் டேங்க் வேலை. டேங்க எறக்கறதுக்குப் பதிலா, அதுக்கு மேல இருக்கற சாமான் ஏத்தற பின்பக்கத் தொட்டியத் தூக்கறது சுலபம். ஃபில்லர் குழாய், லைட் வயரு, கிரவுண்ட் வயரு கழட்டி, ஒரு பக்க போல்ட்டுகள எடுத்துட்டு மறுபக்கத்த லூஸ் பண்ணி, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். ஒருத்தரா செய்யாதீங்க, அது கை மேல விழுந்தா அவ்வளவுதான்.

டேங்க் மூடில புது உறிஞ்சு குழாய்க்கு ஓட்டை போடணும். ஹோல் சா (வட்டமா ஓட்டை போடற ரம்பம்) பல்லு முழுக்க கிரீஸ் தடவிட்டு மெதுவா சுத்துனேன், பிளாஸ்டிக் சீவல் கருப்பு கிரீஸ்ல வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு வெளிய வந்துச்சு, ஒண்ணுகூட உள்ள விழல. குழாயோட அடிய சாய்வா வெட்டி, டேங்க் அடியில இருந்து ஒரு சென்டிமீட்டர் எட்ட நிக்கற மாதிரி அளந்தேன். டேங்க் பிளாஸ்டிக்ங்கறதால நெறஞ்சா அடி தொங்கும், காலியானா மேல வரும், குழாய் அடிய ஒட்டிட்டா உறிஞ்ச வழியே இருக்காது.

மூணாவது வாரம் பம்பு, ஹோஸ், வயரிங். அதுல பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பவர் நேரா பேட்டரில இருந்து ஃபியூஸ், ரிலே வழியா, பழைய பம்போட பிளக் ரிலேய ஆன் பண்ண மட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, டீசல் ஃபிட்டிங்ல டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, நூல் நூலா கிழிஞ்சு வி.பி.44 உள்ள போயிரும், பேஸ்ட் போடுங்க.

ஸ்டார்ட்டர ஒரு தட்டு தட்டி கீய ஆன்லயே விட்டா பம்பு 25 செகண்ட் கிட்ட ஓடும், ரெண்டு மூணு தடவ அப்படி ஓட்டி ஃபில்டர் நெரப்பி, 1, 3, 4 இன்ஜெக்டர் நட்ட லேசா லூஸ் பண்ணி ஏர் எடுத்தேன். கையக் கிட்ட கொண்டு போகக் கூடாது, அந்த பிரஷர் தோலையே துளைக்கும். வண்டி பிடிச்சுது. ரெண்டு நிமிஷம் ஓடுச்சு, அப்புறம் இன்ஜின் வேகம் ஏறி எறங்கி நின்னுருச்சு. எங்கயோ லைனுக்குள்ள காத்து போகுது.

நாலாவது வாரம் முழுக்க அந்த ஏர் தேடுனதுதான். அடியில படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டா தொட்டுப் பாத்தேன், ஒரு சொட்டு டீசல் கூட எங்கயும் கசியல. அப்பாவ வீடியோ கால்ல வச்சுக்கிட்டேன், அங்க ராத்திரி பத்தரை. "வெளிய கசியாது கண்ணு, இழுக்கற பக்கம் டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். பாக்கறத விட்டுட்டு கிரீஸ் தடவு." டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல தற்காலிகமா ஒரு கண்ணாடி மாதிரி ஹோஸ் போட்டேன், கடுகு கடுகா காத்து முட்டை (குமிழி) ஓடுது. ஒவ்வொரு ஜாயின்ட்டா கெட்டியா கிரீஸ் அப்பிட்டு ஹோஸையே பாத்துட்டு இருந்தேன். மூணாவது ஜாயின்ட், உறிஞ்சு குழாய் மேல இருக்கற எல்போ (வளைஞ்ச ஜாயின்ட்), அங்க அப்புன உடனே முட்டை நின்னுருச்சு. கழட்டிப் பாத்தா ஓ-ரிங் (கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) ஒரு ஓரத்துல மடிஞ்சு நகக்கீறல் மாதிரி வெட்டு. புது ஓ-ரிங்க டீசல்ல நனைச்சு கையால இறுக்குனேன், அரை மணி நேரம் ஓடவிட்டேன், ஹோஸ்ல ஒரு முட்டை இல்ல. அப்பா அது வரைக்கும் தூங்காம ஃபோன புடிச்சுட்டே இருந்தாரு.

இப்ப கேஜ்: சும்மா நிக்கும்போது 17, டிரெய்லரோட 65-ல 16, அதே கெர்வில் மேட்டுல அதே எடத்துல நல்லா மிதிச்சப்ப 14. இழுவை திரும்பிருச்சு. இதுவரைக்கும் 600 மைல், கோடு எதுவும் வரல, வி.பி.44 பழைய அடிய எவ்வளவு தாங்கிருக்குன்னு போகப் போகத்தான் தெரியும். முதல் ஃபில்டர கொஞ்சம் சீக்கிரமே கழட்டி வெட்டிப் பாக்கறதா இருக்கேன், டேங்க் வேலையில ஏதாவது தூசு போயிருந்தா அதுல தெரியும். 14-க்குக் கீழ எறங்குனா எரியற மாதிரி ஒரு செவப்பு லைட்டும் வாங்கி வச்சிருக்கேன், அடுத்த சனிக்கிழமை ஸ்டியரிங் பக்கத்துல மாட்டணும்.