சென்னைன்னு பேரு, கோயம்புத்தூர்ல கிரவுண்டு

"ஏப்பா, சென்னை டீமுக்கு இங்க என்ன வேலை?"ன்னு பட்டறைல பக்கத்து லேத்துல நிக்கிற அண்ணன் கேட்டாரு, 2017ல நான் மொத மேட்ச்சுக்கு பர்மிஷன் போட்டப்ப. எனக்கும் பதில் தெரியாது. ஃபுட்பால் டீமுங்க, பேரு சென்னை சிட்டி எஃப்சி, ஆடுனது எங்க ஊரு நேரு ஸ்டேடியத்துல. 2016-17 சீசன்லதான் ஐ-லீக்ங்கிற தேசிய லீக்குக்குள்ள வந்தாங்க. அங்க சென்னைல, ஐஎஸ்எல்னு இன்னொரு பெரிய லீக்ல ஆடுற டீமா சென்னையின் எஃப்சி ஏற்கனவே இருந்ததால ரெண்டையும் கொழப்பிக்காத ஆளே கெடையாது, எங்க வீட்டுல கூட "அப்ப தோனி வருவாரா, அபிஷேக் பச்சன் வருவாரா"ன்னு கேட்டாங்க. அவங்க ஓனரா இருக்குறது வேற டீமும்மா, இது ஏழை டீம்னு சொல்லி வெச்சேன்.

ஏழைன்னா ஏழைதான். மொத ரெண்டு சீசனும் கீழயே கெடந்தோம். சாயங்காலம் அஞ்சு மணி மேட்ச், வார நாள்ல எவன் வருவான், கேலரில அங்கங்க நாலு பேரு உக்காந்திருப்போம். சுத்தி ஓட்டப்பந்தய டிராக் வேற, அதனால ஆட்டம் எங்கயோ தள்ளி நடக்குற மாதிரி இருக்கும். ஆனா ஆள் கம்மியா இருந்தா ஒரு வசதி, நாம கத்துறது பிளேயர் காதுல விழும். ஒரு தடவ கார்னர் எடுக்க வந்த பையன் நாங்க கத்துனதுக்கு திரும்பிப் பாத்து சிரிச்சான் பாருங்க, அன்னிக்கு மாட்டுனதுதான் நான்.

அப்ப எங்களுக்கு ஹீரோ மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி பக்கம் இரவிபுத்தன்துறை, கடற்கரை ஊரு. இடது கால்ல பந்த வெச்சுட்டு ஓடுனா எதுத்தாப்ல இருக்குறவன் எந்தப் பக்கம் விழுறதுன்னு தெரியாம நிப்பான். 2017-18 முடிஞ்சதும் ஐஎஸ்எல் டீம் ஜாம்ஷெட்பூர்க்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. சின்ன டீமுக்கு சப்போர்ட் பண்றதுல இது ஒரு தலவலிங்க, எவனாச்சும் நல்லா ஆட ஆரம்பிச்சான்னா சந்தோஷமும் வரும், அய்யோ அடுத்த வருசம் இவன் இருக்க மாட்டானேன்னு பயமும் கூடவே வரும்.

அடுத்த சீசன் என்ன பண்ணப் போறாங்களோன்னு பாத்தா சிங்கப்பூர்ல இருந்து அக்பர் நவாஸ்னு கோச்சு, கூடவே ஸ்பெயின்ல இருந்து ஒரு செட்டு. நெஸ்டர், சான்ட்ரோ, எஸ்லாவா, கோல்கீப்பர் நவுசெட், முன்னாடி பெட்ரோ மான்சி. இவங்க பேரெல்லாம் இந்தியால யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க, மான்சியே அங்க கீழ் டிவிஷன்ல ஆடிட்டு இருந்த ஆளுதான். 2018 அக்டோபர்ல மொத மேட்ச், இந்தியன் ஆரோஸ் கூட, 4-1, மான்சி ஹாட்ரிக். பக்கத்துல தப்பு மேளம் அடிக்கிற ஒரு அண்ணன் எப்பவும் வருவாரு, அவரு அன்னிக்கு அடிச்ச அடில தோலு கிழிஞ்சிருச்சு. கூடவே நம்ம பசங்களும் ஆடுனாங்க, எட்வின், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார்னு. வெளிநாட்டுக்காரன் பாஸ் குடுக்க நம்ம ஊர்ப் பையன் ஓட, அந்த ஆட்டம் கண்ணுக்கு அவ்வளவு அழகு. சும்மா தூக்கித் தூக்கி அடிக்கிற ஆட்டம் இல்ல, கீழயே உருட்டி உருட்டி கொண்டு போவாங்க.

ஈஸ்ட் பெங்கால் எவ்வளவு பெரிய கிளப்பு, அவங்களையே அந்த சீசன்ல ரெண்டு தடவையும் ஜெயிச்சோம், கொல்கத்தால போயும் இங்க வெச்சும். கேலரில கூட்டம் சேர ஆரம்பிச்சுது. டிக்கெட் கவுன்டர்ல வரிசைன்னு ஒண்ண அப்பதான் பாத்தேன். எங்க பட்டறை அண்ணனும் வந்தாரு, வந்துட்டு ஆஃப்சைடுன்னா என்னன்னு மேட்ச் முடியுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு (இன்னிக்கு வரைக்கும் அவருக்குப் புரியல).

கப்பு கைக்கு வந்துருச்சுன்னு நெனச்சப்ப கோவால சர்ச்சில் டீம் கூட 3-2ன்னு தோத்தோம். சரி, கடைசி மேட்ச்சு, 2019 மார்ச் 9, சனிக்கிழமை, நம்ம கிரவுண்டு, மினெர்வா பஞ்சாப். நாங்க ஜெயிச்சா சாம்பியன். அதே நேரம் கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால், கேரளா டீம் கோகுலம் கூட ஆடுறாங்க, ஒரே ஒரு பாயின்ட்டுதான் பின்னாடி. சனிக்கிழமைன்னா பட்டறைல சம்பளம் போடுற நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் ஓனர் கவரு குடுப்பாரு. நான் சம்பளமே வேணாம்னு நாலு மணிக்கு வண்டிய எடுத்துட்டேன். அன்னிக்கு எங்க வீட்டுல வாங்குனது தனிக்கதை.

உக்காந்து கடலைப் பொட்டலத்த கூட பிரிக்கல, மூணாவது நிமிசம் மினெர்வா கோல் போட்டுட்டான். ஸ்டேடியமே இழவு வீடு மாதிரி ஆயிருச்சு. ஹாஃப் டைம் வரைக்கும் 0-1. என் பக்கத்துல ஒருத்தரு போன்ல கோழிக்கோடு மேட்ச்ச வெச்சுட்டு இருந்தாரு, அவரச் சுத்தி இருவது பேரு, இங்க ஒரு கண்ணு அங்க ஒரு கண்ணு. 56வது நிமிசம் பெனால்ட்டி, மான்சி போட்டாரு, 1-1. அந்த சீசன்ல அது அவருக்கு 21வது கோலு. அப்புறம் 69வது நிமிசம் கௌரவ் போரா, நம்ம டிஃபென்டருங்க அவரு, அவரு போட்டாரு கோலு. கிட்டத்தட்ட அதே நேரத்துல போன் வெச்சிருந்தவரு எந்திரிச்சு கோகுலம் கோல் கோகுலம் கோல்னு கத்துறாரு, எந்த கோலுக்குக் கத்துறோம்னே தெரியாம நாங்க பாட்டுக்கு கட்டிப் புடிச்சுட்டு இருக்கோம்.

அதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. ஈஸ்ட் பெங்கால் ஒண்ணு போட்டான், இன்னொண்ணும் போட்டான். இப்ப இங்க ஒரு கோல் வாங்குனா கப்பு கொல்கத்தாவுக்கு. அந்த கடைசி சில நிமிசம் நான் ஆட்டத்தப் பாக்கவே இல்ல, செருப்பையே பாத்துட்டு இருந்தேன். 93வது நிமிசம் சத்தம் கேட்டு தலையத் தூக்குனா போரா மறுபடியும் போட்டுட்டாரு, 3-1. 43 பாயின்ட்டு, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தமிழ்நாட்டு டீம் ஒண்ணு ஐ-லீக் கப்ப தூக்குனது அன்னிக்குத்தான். தப்பு அண்ணன் அழுதாரு. நான் அழுகலன்னு சொல்லிட்டுத் திரியுறேன்.

அப்புறம் எல்லாம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு. நெஸ்டர் ஹைதராபாத்துக்குப் போனாரு, 2020 ஆரம்பத்துல மான்சி ஜப்பானுக்கு, அல்பிரெக்ஸ் நீகாட்டான்னு ஒரு கிளப்பு. ஆசிய கிளப்புங்க ஆடுற ஏஎஃப்சி கப்புல ஒரே ஒரு மேட்ச்சு, மாலத்தீவு கிளப்பு மாசியா கூட 2-2, அதுவும் அகமதாபாத்ல, எங்களால போக முடியல. உடனே கொரோனா வந்து அந்தக் கப்பே கேன்சல். 2020-21 லீக்க மொத்தமா கொல்கத்தா பக்கமே வெச்சு முடிச்சாங்க, அதுக்கடுத்த சீசன் லிஸ்ட்டுல எங்க டீமே இல்ல. ஏன் எதுக்குன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எனக்கு அதுல போக இஷ்டமில்ல.

போன வாரம் காந்திபுரத்துல ஒரு பேக்கரில டீ குடிக்க நிக்கிறேன், பஃப்ஸ் தின்னுட்டு ஒருத்தரு என்னையே பாக்குறாரு. தப்பு அண்ணன். நாலு சீசன் பக்கத்துல நின்னு கத்தியிருக்கோம், பேரு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. அர மணி நேரம் பேசுனோம், போராவோட ரெண்டாவது கோல் தலைல போட்டதா கால்ல போட்டதான்னு சண்ட வேற, எனக்கு எப்படித் தெரியும், நான்தான் செருப்ப பாத்துட்டு இருந்தேனே. டீக்கு காசு குடுக்க விடல அவரு. கெளம்புறப்ப பழக்கத்துல "சரிங்ணா, அடுத்த மேட்ச்சுல பாக்கலாம்"னு வாய்ல வந்துருச்சு. அவரும் "சரி தம்பி"ன்னுட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு.