பழைய லேப்டாப்ப வீட்டு மீடியா சர்வரா மாத்தினது, இதுவரைக்கும் நடந்த வேலை

சும்மா கெடந்த ஒரு லேப்டாப்ப எப்பவும் ஓடுற மாதிரி வெச்சு, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்னு மாட்டி, வீட்ல இருக்குற டிவி, போன், டேப்லெட் எல்லாமே படம் பாட்டு போட்டோவ அதுலேர்ந்தே எடுத்துக்குற மாதிரி பண்ணியாச்சு. சர்வருக்கு ஜெல்லிஃபின்ங்கற சாஃப்ட்வேர். எம்பி (Emby)ங்கற இன்னொரு மீடியா சர்வர் சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ்லேர்ந்து விலகினப்போ 2018 டிசம்பர்ல அதுலேர்ந்து பிரிஞ்சு வந்தது, இலவசம், வெளிய எங்கயும் அக்கவுன்ட் வேண்டாம், நெட் போயிட்டாலும் வீட்டு வைஃபைக்குள்ள படம் ஓடும், எனக்கு இதுதான் முக்கியமா பட்டுச்சு.

இன்ஸ்டால் பண்றது பெரிய விஷயமே இல்ல. ரௌட்டர்ல போயி லேப்டாப்புக்கு எப்பவும் ஒரே ஐபி (வீட்டு நெட்வொர்க்ல அதோட முகவரி) கிடைக்கற மாதிரி ரிசர்வ் பண்ணிடுங்க, இல்லன்னா ஐபி மாறும்போதெல்லாம் டிவி சர்வர காணோம்னு சொல்லும். நிஜமான வேலை பேர் வைக்கறதுலதான் இருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், படத்தோட பேர், அடைப்புக்குறிக்குள்ள வருஷம். நம்ம படங்கள்ல பழைய பேரையே திரும்ப வைக்கறது சகஜம், வருஷம் போடலன்னா புதுப் படத்துக்கு கறுப்பு வெள்ளை போஸ்டர் வந்து ஒக்காந்துக்கும். இங்கிலீஷ் எழுத்துல பேர் வெச்சிருந்தா இன்னும் தொல்லை, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி ஸ்பெல்லிங் போடுவாங்க. அந்த மாதிரி படத்துக்கு டிஎம்டிபி (படங்களோட விவரம் இருக்குற ஒரு வெப்சைட்) அந்தப் படத்துக்கு குடுத்திருக்குற ஐடிய ஃபோல்டர் பேர்லயே சேர்த்துட்டா சரியா புடிச்சிக்குது.

பாட்டுதான் ரொம்ப நேரம் இழுத்துச்சு, ஆனா மனசுக்கு ரொம்ப திருப்தியும் அதுலதான். சினிமா பாட்டுல ஒரே படத்துக்கு பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுவாங்க இல்லையா, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்ங்கற டேக் (பாட்டு ஃபைலுக்குள்ளயே இருக்குற விவரக் குறிப்பு) காலியா இருந்தா சில பிளேயர்ங்க ஒரு படத்த நாலஞ்சு ஆல்பமா ஒடைச்சு காட்டும். அதுல இசையமைப்பாளர் பேர போட்டு, பாடகர ஆர்ட்டிஸ்ட்ல மட்டும் வெச்சேன், மொத்தமும் ஒன்னு சேர்ந்துடுச்சு, ஒருத்தரோட படங்கள் எல்லாம் வரிசையாவும் நிக்குது. எம்பி3டேக்ங்கற டேக் திருத்துற சாஃப்ட்வேர்ல மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே தடவைல மாத்தலாம். யூனிகோடுக்கு முன்னாடி காலத்து எம்பி3ல டேக் திஸ்கில (தமிழுக்கான பழைய எழுத்துக் குறியீட்டு முறை) இருக்கும், திரைல புரியாத கிறுக்கலா தெரியும், அத எடுத்துட்டு ஐடி3ங்கற டேக் முறையோட 2.3 வெர்ஷன்ல புதுசா எழுதினேன். பழைய ஐடி3 1 வெர்ஷன்ல தலைப்புக்கு 30 பைட்தான் இடம், யுடிஎஃப்-8ல (யூனிகோட் எழுத்த சேமிக்கற ஒரு முறை) தமிழ் குறியீடு ஒவ்வொன்னும் 3 பைட் சாப்பிடும், கால் கொம்பெல்லாம் தனிக் கணக்கு, அப்போ பாட்டோட முதல் வரி எங்க நிக்கும்?

அடுத்து டிவில படம் திணறுனது. ஜெல்லிஃபின் டாஷ்போர்டுல ஒவ்வொரு டிவைசும் நேரடியா பிளே பண்ணுதா, இல்ல டிரான்ஸ்கோட் ஆகுதா (சர்வர் ஃபைல வேற வடிவத்துக்கு மாத்தி அனுப்புதா), எதனாலன்னு காரணத்தோட காட்டும், திணறுச்சுன்னா மொதல்ல அதத்தான் பாக்கணும். சத்தத்த மட்டும் மாத்துறது சர்வருக்கு லேசான வேலை. ஆனா சப்டைட்டில் படமா இருக்குற வகைன்னா, டிவியால அத காட்ட முடியாதப்போ சர்வர் அத வீடியோ மேலயே பதிச்சு முழுசா என்கோட் பண்ணணும், பழைய சிபியு எச்.265ங்கற முறைல சுருக்கின வீடியோ ஃபைல்ல அப்படியே படுத்துடும். எழுத்தா இருக்குற எஸ்ஆர்டி சப்டைட்டில யுடிஎஃப்-8ல சேவ் பண்ணி படத்தோட பேர்லயே பக்கத்துல வெச்சதும் நேரடியா ஓடுது. டிவி ஆப்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வந்தா அது ஃபான்ட் பிரச்சனை, ஃபைல தொடாதீங்க.

போட்டோவுக்கு சிங்க்திங், ரெண்டு டிவைஸ்ல ஃபைல ஒரே மாதிரி வெச்சுக்குற சாஃப்ட்வேர், வீட்டுக்குள்ள வந்ததும் போன்லேர்ந்து லேப்டாப்புக்கு தானா வந்துடும். இது பேக்கப் இல்லங்கறத மனசுல வெச்சுக்கணும், போன்ல அழிச்சா லேப்டாப்லயும் அழியும், அதனால லேப்டாப் பக்கம் ஃபைல் வெர்ஷனிங் (அழிஞ்ச, மாறின ஃபைலோட பழைய காப்பிய வெச்சுக்குறது) ஆன்ல இருக்கு. வாட்ஸ்அப்ல வந்த போட்டோல எடுத்த தேதி இருக்காது, ஃபைல் பேர்ல இருக்குற தேதிய எக்ஸிஃப்டூல்ங்கற போட்டோ விவரம் திருத்துற டூல் வெச்சு உள்ள எழுதிட்டு இருக்கேன். வந்த தேதிதான் அது, எடுத்த தேதியா இருக்கணும்னு இல்ல, இருந்தாலும் வருஷ வரிசைல நிக்கறதுக்கு போதும்.

வாங்கின ஆப்ப வீட்ல எல்லாரும் பகிர்ந்துக்க கூகுள் பிளே ஃபேமிலி லைப்ரரி, 6 பேர் வரைக்கும் சேரலாம். காசு குடுத்து வாங்கின ஆப்ல ஃபேமிலி லைப்ரரி வசதி இருந்தா மத்தவங்களும் இறக்கிக்கலாம், ஆப்புக்குள்ள போயி வாங்கினது மட்டும் பகிர முடியாது. அதனால வாங்கறதுக்கு முன்னாடி, இலவசமா இறக்கி உள்ள காசு கட்டுற ஆப்பா, முன்னாடியே காசு கட்டுற ஆப்பான்னு பாத்துக்கறேன்.

அம்மா போன்ல ஜெல்லிஃபின் போட்டு அவங்களுக்குன்னு தனி யூசர் வெச்சு குடுத்திருக்கேன், பாட்டு லைப்ரரி மட்டும் தெரியும், அவங்களே தேடி போட்டுக்கறாங்க. இன்னும் பாக்கி இருக்கறது ரெண்டாவது டிஸ்க், போட்டோவ மட்டும் காப்பி எடுத்து வேற வீட்ல வெக்கணும், தேதி திருத்துற வேலை முடிஞ்சதும் அதான்.